அத்தையின் அரை மாத்திரை

மன்னார்குடியில் பங்குனி பிறந்துவிட்டால் என் அத்தை வீட்டில் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தைத் தேடி எடுப்பார்கள். கோயில் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று ராஜகோபால சுவாமி மேல் எறிவதற்கான வெண்ணெய் அந்தக் கிண்ணத்தில்தான் போகும். கூட்டத்தில் நசுங்கி, முழங்கை வரை வெண்ணெய் வழியத் திரும்பி வந்து, "இந்த வருஷம் நேரா கன்னத்துல போய் விழுந்துச்சு தம்பி" என்று அத்தை சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அறுபது வயதுக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

2023 பங்குனியில் கிண்ணம் அலமாரியை விட்டு இறங்கவில்லை. "உடம்பு சரியில்லையா அத்தை?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா. போகணும்னு தோணல" என்றார். அழவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் குரலில் எதுவுமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. அல்பிரசோலாம், 0.5 மில்லிகிராம். அது அந்த வீட்டுக்குள் வந்த கதை எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அத்தை வீட்டுத் தோப்பிலும் மிஞ்சியவை நாலைந்து மரங்கள்தான். அதற்குப் பிறகு காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே அத்தைக்கு நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ஒரு டாக்டர் பதினைந்து நாளுக்கு என்று அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முதல் இரவே நன்றாகத் தூங்கினார். பதினைந்து நாள் நாலரை வருஷமாயிற்று. பழைய அட்டையைக் காட்டினால் கடையில் புது அட்டை கிடைத்தது. யாராவது கேட்டால், "அரை மாத்திரைதானே" என்பார். ராத்திரி இரண்டு அரை, மத்தியானம் ஓர் அரை.

வெண்ணெய்த்தாழிக்குப் போகத் தோன்றாமல் செய்தது எது? அந்த மாத்திரையா, புயல் விட்டுப்போன துக்கமா? நான் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியோடு படிக்க உட்கார்ந்தபோது தெரிந்தது, எழுபது வருஷத்துக்கு முன்பே உலகத்தின் பெரிய மருத்துவர்கள் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு திணறியிருக்கிறார்கள் என்று. அதற்குக் காரணமான மருந்து நம் நாட்டு வேர் ஒன்றிலிருந்து போனது.

சர்ப்பகந்தி. பாம்புக்கடிக்கும் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் இந்தியா முழுவதும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த வேர். 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இது மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் கேட்கிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். வெளிநாட்டில் அப்போது யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், தன்னிடம் வந்த 50 ரத்தக்கொதிப்பு நோயாளிகளின் விவரத்தை பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் மேற்கு திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தது. 1954-ல் நியூயார்க் மாநிலத்தின் ராக்லாண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கொந்தளித்துக் கிடந்தவர்கள் அடங்குகிறார்கள் என்று எழுதினார். மனத்தை அமைதிப்படுத்தும் மருந்து என்ற ஒரு வகையே அந்த வருஷங்களில்தான் பேச்சுக்கு வந்தது.

அதே 1954-ல் இன்னொரு செய்தியும் வந்தது. ரத்தக் கொதிப்புக்காக அதிக அளவில், நெடுநாள் ரெசர்பின் சாப்பிட்ட சிலர் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஃப்ரீஸ் எழுதினார். அடுத்தடுத்துப் பலர் இதையே சொன்னார்கள். இதற்கிடையில், மூளையில் ரெசர்பின் என்ன செய்கிறது என்பதும் பிடிபட்டது. செரட்டோனின், நார்அட்ரினலின், டோப்பமின் என்ற செய்திப் பொருள்களை நரம்பணு சின்னச் சின்னப் பைகளில் சேர்த்துவைக்கிறது. ரெசர்பின் அந்தப் பைகளின் வாயை அடைக்கிறது. பத்தாயத்தின் வாயை அடைத்துவிட்டு நெல்லைக் களத்திலேயே போட்டுவைத்தால் என்ன ஆகும்? எலி தின்றே தீர்த்துவிடும். இங்கே எலியின் வேலையைச் செய்ய ஒரு நொதி இருக்கிறது. இருப்பு காலி.

இருப்பு காலியானால் மனம் சோர்கிறது, ஆகவே மனச்சோர்வு என்பதே இந்தப் பொருள்களின் குறைபாடுதான் என்று ஒரு கோட்பாடு பிறந்தது. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி இன்றைக்கும் ஜனங்கள் சொல்லும் 'செரட்டோனின் குறைஞ்சிடுச்சு' என்ற விளக்கத்தின் ஒரு வேர், நம் சர்ப்பகந்தியின் வேர்தான்.

கதை அவ்வளவு நேராக முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1955-ல் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸும் ஷெப்பர்டும் பயமும் சோர்வும் உள்ள நோயாளிகளில் ஒரு சாராருக்கு ரெசர்பினும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் சோதித்தார்கள். ரெசர்பின் சாப்பிட்டவர்களுக்குத்தான் நன்றாக இருந்தது! 1957-ல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்த முயல்களைப் பார்த்தார். காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பார்க்கிறவர்களுக்கு 'பாவம், என்ன சோகமோ' என்றுதான் தோன்றும். டோப்பமினாக மாறும் எல்-டோபாவை ஊசியில் ஏற்றினார். முயல்கள் எழுந்து நடமாடத் தொடங்கின. அங்கே முக்கியமாகக் குறைந்திருந்தது டோப்பமின், முடங்கியிருந்தது அசைவு. நடுக்குவாத நோய்க்கான மருத்துவம் அங்கிருந்துதான் கிளைத்தது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிற்பாடு பழைய நோயாளிக் குறிப்புகளை எடுத்து வரிவரியாக ஆராய்ந்தவர்கள், ரெசர்பினால் சோர்ந்தவர்கள் என்று எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோர் உண்மையில் மந்தமாகியிருந்தார்கள் என்றார்கள். உடம்பு ஓடவில்லை, பேச்சு குறைந்தது, எதிலும் பிடிப்பில்லை. ஆனால் 'நான் எதற்கும் லாயக்கில்லை, இருந்து என்ன பயன்' என்ற ஆழமான மனச்சோர்வு அவர்களில் சிலருக்குத்தான் வந்திருந்தது. அவர்களிலும், முன்பே ஒருமுறை அந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள் நிறைய.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். மந்தம் வேறு, சோகம் வேறு. வாசலிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆனால் அத்தை சாப்பிட்டது ரெசர்பின் அல்ல. அவர் சாப்பிட்ட அல்பிரசோலாம் பென்சோடயஸிபைன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மூத்த பிள்ளை பிறந்தது அமெரிக்காவில், நியூஜெர்சியின் நட்லி ஊரில், ரோச் கம்பெனி ஆய்வுக்கூடத்தில். ஹிட்லரின் படைகளுக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து வந்த வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக், ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய சில சரக்குகளை வைத்திருந்தார். 1957-ல் மேசையைச் சுத்தம் செய்தபோது மிஞ்சியிருந்த ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுதான் 1960-ல் லிப்ரியமாக வந்தது. 1963-ல் வேலியம், அதாவது டயஸிபாம். 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து அதுதான். அல்பிரசோலாம் 1981-ல் அங்கே அனுமதி பெற்றது.

இந்தக் குடும்பம் வேலை செய்யும் விதத்தை மன்னார்குடிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். வெண்ணாறு அங்கே பிரிந்து கோரையாறும் பாமணியாறும் கிளம்புகின்றன. எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது ஷட்டர் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூளையின் நரம்பணுக்களிலும் அப்படி மதகுகள் உண்டு. காபா என்ற பொருள் வந்து தொட்டால் ஒருவகை மதகு திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், அந்த நரம்பணு கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். மூளையின் அமைதிப்பணி பெரும்பாலும் காபாவுடையதுதான். பயத்தில் நெஞ்சு படபடக்கிறபோது, அடங்க வேண்டிய அணுக்கள் அடங்க மறுக்கின்றன.

அல்பிரசோலாம், டயஸிபாம், குளோனசிபாம், லொரசிபாம் எல்லாம் அந்த மதகின் பக்கவாட்டில் ஓர் இடத்தில் போய் உட்கார்கின்றன. தாமாக மதகைத் திறப்பதில்லை. காபா வந்து தொடும்போது மதகு இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. ஷட்டர் தூக்கும் லஸ்கர் பக்கத்தில் ஓர் ஆள் நின்று, 'தூக்குங்க, இன்னொரு தடவை தூக்குங்க' என்று சொல்லிக்கொண்டே இருப்பதைப் போல. இதற்கு முந்திய தலைமுறைத் தூக்க மருந்துகளான பார்பிச்சுரேட்டுகள், அளவு கூடினால், காபாவே இல்லாதபோதும் மதகைத் திறந்துவிடும். அளவு மீறிய பார்பிச்சுரேட் மூச்சையே நிறுத்தியதற்கு இது பெரிய காரணம். பென்சோடயஸிபைன் தனியாக அவ்வளவு ஆபத்தானது அல்ல. சாராயத்தோடோ ஓபியம் வகை வலிமருந்துகளோடோ சேர்ந்தால் அதுவும் மூச்சை அடக்கிவிடும். டாஸ்மாக்கில் குடித்துவிட்டு வந்து, தூக்கம் வரவில்லை என்று மனைவியின் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதகு ஒரு வகைதானா? இல்லை. சூரிச்சில் ஊவே ருடால்ஃபும் ஹான்ஸ் மோலரும் எலிகளின் மரபணுவில் ஓர் எழுத்தை மாற்றி ஒவ்வொரு வகை மதகாக டயஸிபாமுக்குச் செவிடாக்கிப் பார்த்தார்கள். 1999-லும் 2000-லும் வெளிவந்த அவர்கள் முடிவுகள் அழகானவை. ஆல்ஃபா-1 வகை மதகு செவிடானபோது, டயஸிபாம் எலியின் பயத்தைக் குறைத்தது, ஆனால் மந்தமாக்கவில்லை. ஆல்ஃபா-2 செவிடானபோது பயம் குறையவே இல்லை. அதாவது அமைதிக்கு ஒரு மதகு, மந்தத்துக்கு வேறொரு மதகு. நம் கையிலிருக்கும் மாத்திரைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எல்லா மதகையும் சேர்த்துத்தான் தூக்கும். அத்தைக்குக் காற்றின் மேலிருந்த பயம் தணிந்த அதே தண்ணீரில், வெண்ணெய்த்தாழிக்கான ஆசையும் கரைந்திருக்கலாம். புதிதாக நடப்பதை மனத்தில் பதித்துவைப்பதையும் இந்த மருந்து தடுக்கிறது. பேத்தி போனில் பேசியதையே அத்தை மறந்துபோன சமயங்களில் வயதை மட்டும் குற்றம் சொன்னது எங்கள் தவறு.

மனநிலைக்கு இது செய்வது எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சிலர் மரத்துப்போகிறார்கள். சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும், நேர்மாறாக எரிச்சலும் கோபமும் அடங்காத பேச்சும் வருவது உண்டு. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவருக்கு இதை மட்டும் கொடுத்தால், பயம் அடங்கி, அடியில் இருந்த சோர்வு மருந்தில்லாமல் அப்படியே நிற்கும். 1988-லேயே பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு இதைப் பற்றி எச்சரித்தது. கடுமையான பயத்துக்கு மட்டும், 2 முதல் 4 வாரம் வரை மட்டும் கொடுங்கள், மனச்சோர்வுக்கோ மனச்சோர்வோடு வரும் பயத்துக்கோ இதைத் தனி மருந்தாகக் கொடுக்காதீர்கள், தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்றது. அந்த இரண்டாவது வரி நம் ஊர்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

'அரை மாத்திரைதானே' என்ற கணக்குக்கு வருகிறேன். இங்கிலாந்தின் நியூகாசலில் 1982 முதல் 12 வருஷம், இந்த மாத்திரைகளை விட முடியாதவர்களுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு நடத்தியவர் ஹெதர் ஆஷ்டன். அவருடைய ஒப்பீட்டுக் கணக்கில் அல்பிரசோலாம் அரை மில்லிகிராம், டயஸிபாம் 10 மில்லிகிராமுக்குச் சமம். அத்தை சாப்பிட்ட மூன்று அரை மாத்திரை 0.75 மில்லிகிராம், டயஸிபாம் கணக்கில் 15 மில்லிகிராம். நாலரை வருஷம், தினமும். அளவு சின்னது என்பது வீரியம் கூடியது என்பதற்கான அடையாளமே தவிர, லேசானது என்பதற்கு அல்ல.

சரி, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? எனக்கும் அந்த நிமிஷம் அதுதான் தோன்றியது. அட்டையைக் கையில் எடுத்தும்விட்டேன். செய்திருந்தால் பெரிய அநியாயமாகியிருக்கும். பக்கத்தில் நின்று தூக்கச் சொல்லும் ஆளுக்கு மதகுகள் பழகிப்போகின்றன. அவை மெல்ல மெல்ல மந்தமாகி, அவன் குரல் இல்லாமல் திறக்காதவையாக மாறிவிடுகின்றன. திடீரென்று அவன் இல்லையென்றால் மூளையை அடக்க ஆளில்லை. பழைய பயம் இரண்டு மடங்காகத் திரும்பும், தூக்கம் போகும், உடம்பு நடுங்கும், சிலருக்கு வலிப்பே வரும். அல்பிரசோலாம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம்தான் ஆகிறது என்பதால் இது சீக்கிரமே தொடங்கிவிடும். 'பாரு, மாத்திரை இல்லாம என்னால இருக்க முடியல' என்று நோயாளியும், 'வியாதி திரும்ப வந்துடுச்சு' என்று வீட்டாரும் முடிவு கட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் இதைச் சொல்லிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. 2025-ல் அங்குள்ள மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து கொடுத்த வழிகாட்டலில், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்ற கணக்கில் மருத்துவர் பார்வையில் குறைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். மேட்டூரைச் சாத்தும்போதுகூட ஒரே நாளில் காவிரி வற்றிவிடுவதில்லை.

இந்தியச் சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலாமும் அதன் உறவுகளில் சிலவும் எச்-1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், நோயாளி பெயரோடு எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை இருக்கும். அத்தை அதை ஒருநாளும் படித்ததில்லை, அது ஆங்கிலத்தில் இருந்தது.

இப்போதெல்லாம் நீண்டநாள் பயத்துக்கு மருத்துவர்கள் முதலில் எழுதுவது எஸ்சிட்டலோபிராம் போன்ற, செரட்டோனின் வழியாக வேலை செய்யும் மருந்துகளை. பலன் தெரிய சில வாரமாகும். முதல் பத்துப் பதினைந்து நாளில் படபடப்பு கூடுவதும் உண்டு, அதைத் தாண்டுவதற்காகவே ஒரு பென்சோடயஸிபைனைச் சில வாரம் துணைக்குக் கொடுப்பது முறையான மருத்துவம்தான். குழந்தைகளிடமும் 24 வயது வரையிலான இளைஞர்களிடமும் ஆரம்ப வாரங்களில் மனநிலையைக் கண் வைத்துப் பார்க்கச் சொல்லி 2004-லும் 2007-லும் அமெரிக்காவில் எச்சரிக்கைகள் வந்தன. இவற்றாலும் சிலருக்கு மனம் சமதளமாகிவிடுகிறது, அழுகையும் வராது, சிரிப்பும் முழுதாக வராது. நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. எஸ்சிட்டலோபிராமையும் குளோனசிபாமையும் ஒரே மாத்திரையாக்கி விற்கிறார்கள். ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நினைப்பவர் இரண்டு மருந்து சாப்பிடுகிறார், நிறுத்தினால் இரண்டையும் சேர்த்து நிறுத்துகிறார். அட்டையின் பின்பக்கத்தில் எத்தனை மருந்துப் பெயர் இருக்கிறது என்று மருந்தாளுநரையாவது கேட்டுவிடுங்கள்.

அத்தையை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். "எனக்கென்ன பைத்தியமா?" என்ற அந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் கேட்பதுதான். மருத்துவர் சின்ன வயதுப் பெண். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார், திட்டவில்லை. நேரம் எடுத்துக்கொண்டு கேட்டார். "சாப்பாடு ருசிக்குதாம்மா? விடியக்காலை முழிப்பு வந்தா என்ன நினைப்பீங்க? நாம இருந்து என்ன ஆகப்போகுதுன்னு எப்பவாவது தோணியிருக்கா?" கடைசிக் கேள்வியை அவர் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அத்தை நிதானமாகப் பதில் சொன்னார். "அப்படியெல்லாம் இல்லம்மா. எதுவுமே தோணல, அதான்."

இது மாத்திரையாலா, துக்கத்தாலா என்று நான் கேட்டேன். "இன்னிக்குச் சொல்ல முடியாது சார். ரெண்டும் இருக்கலாம். முதல்ல மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குவோம். என்ன மிஞ்சுதுன்னு பார்த்துட்டு அதுக்கு வைத்தியம் பார்க்கலாம்" என்றார். நடுவில் ராத்திரி வேளையில் மனசு ரொம்ப மோசமானால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணைக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஒன்பது மாதம் ஆயிற்று. மத்தியான அரை முதலில் போனது. பிறகு ராத்திரி மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. மாத்திரையைக் கால் கால் துண்டாக வெட்ட ஒரு சின்னக் கருவி விற்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஐப்பசியில் மழை பிடித்தபோது நான்கைந்து இரவு தூக்கமே இல்லை. குறைப்பதை நிறுத்தி இரண்டு வாரம் அதே அளவில் நிற்கச் சொன்னார் மருத்துவர். மறுபடி தொடர்ந்தோம். சமையலறையிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது எந்த வாரத்தில் என்று எனக்கு ஞாபகமில்லை. ரசத்தில் உப்பு போதவில்லை என்று அத்தை மருமகளிடம் சண்டை போட்டார். எங்கள் எல்லோருக்கும் அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாசி மாதம் ஒருநாள் சாயங்காலம் போயிருந்தேன். அத்தை கொல்லைப்பக்கம் வெட்டிப்போட்ட தென்னந்தூர் மேல் உட்கார்ந்திருந்தார். பெண் பிறந்த வருஷம் மாமா கிணற்றடியில் நட்ட மரத்தின் தூர் அது. "எம்புட்டு இளநி கொடுத்துச்சு தெரியுமா தம்பி" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். புயல் போன ஐந்து வருஷத்தில் அந்த மரங்களுக்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டும் வரை ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மருத்துவரிடம் இதைச் சொன்னோம். இதற்கு வேறு மாத்திரை வேண்டாம், மாதம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போங்கள் என்றார். அத்தை இன்னும் மாதாமாதம் போகிறார், போன தடவை தனியாகவே பஸ் ஏறிப் போய்வந்தார்.